முப்பது ரூபாய் மனுவும் மிஷின் ஓலும்

கடை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன், பெயரைச் சொல்லமாட்டேன். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, மாவு மில்லுக்கு எதிரே. ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, வில்லங்கம், பட்டா என்று வழக்கமான பலகைதான். அதற்கு அடியில் சிவப்பு ஸ்டிக்கரில் புதிதாக ஒரு வரி ஒட்டியிருக்கிறார்கள்: ‘ஏஐ மூலம் மனு எழுதித் தரப்படும், ரூ. 30.’

அந்த ஒரு வரிதான் என்னை உள்ளே இழுத்தது. வயிற்றெரிச்சலும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்? 1989லிருந்து 2020 வரை ஒரு அரசு அலுவலக வாசலில், பூவரச மரத்தடியில் மடக்கு மேஜை போட்டு கோத்ரெஜ் தமிழ் டைப்ரைட்டரில் மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்தவன் நான். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பக்கத்துக்கு ஐந்து ரூபாயில் ஆரம்பித்து ஐம்பதில் நிறுத்தினேன். கொரோனாவுக்கு மடக்கிய மேஜையைப் பிறகு விரிக்கவில்லை. மிஷின் இப்போது அலமாரி ஓரத்தில் கிடக்கிறது. பேத்தி அதன் மேல் ஏறி நின்றுதான் மேல்தட்டு பிஸ்கட் டப்பாவை எடுக்கிறாள். ஆகவே இது நடுநிலையான விமர்சனம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் சந்தில் எவனோ விசேஷ வீட்டு எச்சில் இலை, தொன்னை, துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி மிஷின் ஓலுக்குள் தள்ளிவிட்டான். (மேன்ஹோல் என்று படித்தவர்கள் சொல்வார்கள். வடசென்னையில் பிறந்தவனுக்கு அது மிஷின் ஓல்தான்.) அடைத்துக்கொண்டு, ராத்திரியில் நிரம்பி வழிந்து, நான்கு வீட்டு வாசலில் தேங்கி நின்றது. பால்பூத் அக்கா என்னிடம் வந்து, “நைனா, ஒரு மனு எய்திக் குடு” என்றார். “வா, புதுக் கடைய ஒரு வாட்டி பாத்துடலாம்” என்று அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் இருப்பது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். பி.காம். முடித்தவள். நல்ல பிள்ளை. உள்ளே போனதும் ஸ்டூல் எடுத்துப் போட்டாள், ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினாள். சேவையில் இதுவும் சேர்த்திதான். நான் மரத்தடியில் ஒருவருக்கும் ஃபேன் போட்டதில்லை. போனை அக்காவின் வாய்க்கு அருகே நீட்டி, “உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே பேசுங்க அக்கா, அதுவே எழுதிக்கும்” என்றாள்.

அக்கா பேசினார். நான் பக்கத்திலேயே இருந்தேன், அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: “மிஷின் ஓலு ரொம்பி வயியுது. நாலு நாளா. காலீல கொயாயில தண்ணி வர்றப்போ அதும் நாறுது. பசங்களுக்கு பேதி.”

பத்து வினாடி இருக்காது. திரையில் ஒரு பக்க மனு வந்து நின்றது. ‘மேற்படி தெருவில் அமைந்துள்ள இயந்திரத்தின் ஓட்டையானது நீண்ட நாட்களாகப் பராமரிப்பின்றி இருப்பதால், குடியிருப்பாளர்கள் வயிறு நிரம்பிய உபாதைக்கு உள்ளாகி, அவர்களின் வாழ்வியல் தரம் பெரிதும் பாதிக்கப்படுகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.’

அந்தப் பெண் சத்தமாகப் படிக்கப் படிக்க அக்கா என் முகத்தைப் பார்த்தார். “இன்னா நைனா, இது நம்ம சந்தப் பத்தியா, வேற எதுனா ஊரப் பத்தியா?”

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். மிஷின் ஓல் இயந்திரத்தின் ஓட்டை ஆகிவிட்டது. ‘ரொம்பி வயியுது’ என்பதை ‘நிரம்பி வயிறு’ என்று காதில் வாங்கி, பேதியையும் அதோடு சேர்த்து ஒரு வியாதி கட்டிவிட்டது. ழகரத்தை யகரமாகப் பேசும் எங்கள் வாயை அது கேட்டுப் பழகியிருக்காது. செய்தி வாசிப்பவர்களையும் புத்தகத்தையும் கேட்டுக் கற்றதாக இருக்கும். மத்திய அரசு 2022இல் பாஷினி என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, பாஷாதான் என்ற பெயரில் பொதுமக்களிடமிருந்தே குரல் பதிவுகளைத் தானமாக வாங்குகிறது. கொருக்குப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் நாலு பேர் போய் ‘கொயாயில தண்ணி வயியுது’ என்று பேசி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

இதெல்லாம் திருத்திவிடக்கூடிய தப்புதான். அந்தப் பெண் உடனே ‘மேன்ஹோல்’ என்று தட்டினாள், இரண்டாம் முறை ‘ஆள்நுழை குழி’ என்று சரியாகவே எழுதியது. எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பத்தியில். ‘எனவே தாங்கள் உடனடியாகப் பணியாளர்களைக் குழிக்குள் இறக்கி அடைப்பை அகற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

ஆளை இறக்கச் சொல்கிறது! கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடை செய்து எத்தனை வருடம் ஆயிற்று. சட்டம் வந்த பிறகும் செத்தவர்கள் எத்தனை பேர் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். குழிக்குள் ஆளை இறக்கு என்று ஒரு குடிமகள் கையெழுத்துப் போட்டுக் கேட்பதாக ஒரு காகிதம் போயிருக்கும். அக்காவுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. முப்பத்தோரு வருடத்தில் நான் எத்தனையோ தப்பு அடித்திருக்கிறேன், வெள்ளை மை பூசி மேலே அடித்திருக்கிறேன்; இந்த மாதிரி ஒரு வரி என் மிஷினிலிருந்து வந்ததில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முகம் சுண்டிப்போய்விட்டது. “நான் கடைசி வரைக்கும் படிக்கவே இல்ல ஐயா, எப்பவும் நல்லாத்தான எழுதும்னு விட்டுட்டேன்” என்றாள். அவளைத் திட்ட மனசு வரவில்லை. நல்ல தமிழில் இருப்பதெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்புகிற வியாதி எல்லோருக்கும் உண்டு, அதிகாரிகளுக்கும் உண்டு.

அடுத்தது விலாசம். மனுவை மாநகராட்சி ஆணையருக்கு எழுதியிருந்தது. உயரமான ஆளுக்கு எழுதினால் வேலை நடக்கும் என்பது மனு கொடுப்பவர்களின் பழைய மூடநம்பிக்கை, அதை இயந்திரமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தொழிலின் பாதி வித்தை, எந்தக் கதவு என்று தெரிந்திருப்பதுதான். 1978 வரை சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் கார்ப்பரேஷன் கையில் இருந்தன. அந்த வருடம் குடிநீர் வாரியம் வந்ததும் அவை அங்கே போய்விட்டன. மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் கார்ப்பரேஷனிடமே நின்றன. மூடியை எட்டிப் பார்த்தால் உள்ளே ஓடுவது மழைத் தண்ணீரா சாக்கடையா என்பதை வைத்துத்தான் காகிதம் எங்கே போக வேண்டும் என்று முடிவாகும். தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு கதவு, அதே கம்பத்துக்குப் பக்கத்தில் மின்சாரப் பெட்டி திறந்து கிடந்தால் வேறு கதவு. பொது ஜனத்துக்கு எல்லாமே ‘கவுருமெண்ட்டு’தான்.

இதற்கு மேல் சட்டம் ஒன்றின் பெயரையும் எழுதியிருந்தது: ‘சென்னை மாநகராட்சிச் சட்டம், 1919.’ கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். என் காலத்துச் சட்டம் அது, எனக்கே மனப்பாடம். ஆனால் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் விதிகளோடு நடைமுறைக்கு வந்து, பழையதன் இடத்தைப் பிடித்துவிட்டது. தொழிலை விட்டவனுக்கே தெரிகிறது. இயந்திரம் படித்த காகிதங்களில் நூறு வருடத்துப் பழசு குவிந்து கிடக்கும், சில வருடத்துப் புதுசு கொஞ்சமாக இருக்கும். எது அதிகமோ அதன் பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன். வார்டு எண்ணும் இப்படித்தான். 2011இல் திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சியை 200 வார்டு ஆக்கியபோது எண்கள் மாறின. கதவிலோ பழைய எண், புதிய எண் என்று இரண்டு. அக்கா வீட்டுப் பழைய எண் 14, புதிய எண் 37. இயந்திரம் அதை ‘14வது தளம், கதவு எண் 37’ என்று போட்டிருந்தது. எங்கள் சந்தில் இரண்டாவது மாடி கட்டினவனையே பணக்காரன் என்போம்.

பேனா கேட்டேன். அக்காவிடம் விவரத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, கடையிலிருந்த ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்:

‘எங்கள் சந்தில் பழைய எண் 14, புதிய எண் 37 வீட்டு வாசலில் உள்ள கழிவுநீர் ஆள்நுழை குழி நான்கு நாட்களாக நிரம்பி வழிகிறது. காலை 6 முதல் 7 வரை குழாயில் வரும் குடிநீரிலும் துர்நாற்றம் உள்ளது. மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. இயந்திரம் கொண்டு அடைப்பை எடுத்து, குடிநீரைப் பரிசோதித்துத் தரக் கோருகிறேன்.’

நான்கு வரி. மேலே குடிநீர் வாரியப் பகுதிப் பொறியாளர், கீழே அக்காவின் கையெழுத்து, போன் நம்பர், நாள். வாங்குகிற எழுத்தருக்கு மத்தியானத்துக்குள் அறுபது காகிதம் பார்க்க வேண்டும். வாழ்வியல் தரத்தைப் படிக்க அவருக்கு நேரம் கிடையாது. எந்த வீடு, என்றைக்கிலிருந்து, குடிநீரில் கலந்ததா, இவ்வளவுதான் அவர் தேடுவார். ‘பிள்ளைகளுக்கு’, ‘குடிநீர்’ இரண்டும் முதல் பார்வைக்கே தெரிந்தால் காகிதம் மேலே வரும். மூன்றாம் நாள் காலையில் ஜெட் ராடிங் லாரி வந்தது. மனுவால் வந்ததா, அன்றைக்கு இந்தப் பக்கம் முறையா என்று எனக்குத் தெரியாது. அடைப்பு எடுத்தார்கள், தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். பொட்டலம் பொட்டலமாக வாழை இலை வெளியே வந்தது.

கடைக்கு நியாயம் செய்ய வேண்டும். குறையை மட்டும் சொன்னால் தொழில் போட்டி என்பீர்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஒரு கிழவி வந்தாள், பேரனுக்கு எட்டு வயது. ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லை, அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம் என்று இயந்திரம் சொன்னது, சரியாகச் சொன்னது. அதைவிட, நிதானமாகத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டியது. கிழவி மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் அலுத்துக்கொள்ளாமல் சொன்னது. மூன்றாவது தடவை என்றால் நான் குரலை உயர்த்தியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன்.

தகவல் உரிமை மனுவும் அடித்துப் பார்த்தேன். எங்கள் சந்துக்குக் கடைசியாக எப்போது சாலை போட்டார்கள், எவ்வளவு செலவு என்று கேட்டு. வடிவம் சரி, பத்து ரூபாய்க் கட்டணம் சரி, முப்பது நாள் கெடு சரி. ஆனால் எனக்கு ஏன் இந்தத் தகவல் வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு உருக்கமாக எழுதியிருந்தது. 2005 சட்டத்தில் காரணமே சொல்ல வேண்டாம், பிரிவு 6(2). அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். அதே 6ஆம் பிரிவில் எனக்குப் பிடித்த இன்னொரு வரி உண்டு. தவறான அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டாலும், ஐந்து நாளுக்குள் அவர்களே சரியான அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கதவு தெரியாதவனை அலையவிடக் கூடாது என்று சட்டம் எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். உள்ளாட்சி வேலைக்கு ஏஐ கொண்டுவருகிறவர்கள் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இதைத்தான் என்பேன். மனு எழுதுவதை அது ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது, அதற்கு மேல் அழகு தேவையில்லை. வந்த காகிதத்தை, ‘இது உன்னுடையது இல்லை, அங்கே போகிறது, இதோ எண்’ என்று மாற்றி அனுப்பினால் ஜனங்களின் பாதி அலைச்சல் தீரும்.

இப்போது எல்லா ஊரிலும் இந்தப் பேச்சாகத்தான் இருக்கிறது. ஆந்திராவில் 2025 ஜனவரியில் ‘மன மித்ரா’ என்று வாட்ஸ்அப்பிலேயே 161 அரசு சேவைகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வாட்ஸ்அப் என்பது நல்ல முடிவு. எங்கள் பக்கம் தனியாக ஆப் இறக்கச் சொன்னால் போனில் இடமிருக்காது. நியூயார்க் மாநகராட்சி 2023 அக்டோபரில் வியாபாரிகளுக்காக ஒரு ஏஐ அரட்டைச் சேவை திறந்தது. அடுத்த மார்ச்சில் பத்திரிகைக்காரர்கள் சோதித்தால், தொழிலாளிக்கு வந்த டிப்ஸில் முதலாளி பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறதாம், அரசு உதவியில் வாடகை கட்டுபவருக்கு வீடு தர மறுக்கலாம் என்கிறதாம். இரண்டும் அந்த ஊர்ச் சட்டப்படி தப்பு. ஜெராக்ஸ் கடை தப்பாகச் சொன்னால் நான்கு பேர் சண்டைக்கு வருவார்கள். அரசாங்க முத்திரையோடு சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

தமிழ்நாட்டுக்கு இதில் முன்யோசனை இருந்தது. 2020இலேயே பாதுகாப்பான, நெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்று வெளியிட்டார்கள். பொதுமக்களுக்குத் தருவதற்கு முன் எடைபோட்டுப் பார்க்க ‘டீப்-மேக்ஸ்’ என்று மதிப்பெண் அட்டை கூட உண்டு; பன்முகத்தன்மை, தனியுரிமை, தணிக்கை எல்லாம் அதில் வரும். என்னைக் கேட்டால் அந்த அட்டையில் ஒரு வரி சேர்ப்பேன்: ‘மிஷின் ஓல் என்றால் என்ன?’ பதில் தெரியாத இயந்திரத்துக்கு வடசென்னை மண்டலங்களில் நுழைவு இல்லை.

தனியுரிமை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கடையின் பெரிய குறை இதுதான், இதற்காகத்தான் மார்க்கைக் குறைத்தேன். அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது இடது ஓரத்தில் முன்பு வந்தவர்களின் விஷயமெல்லாம் வரிசையாகத் தலைப்புப் போட்டு நின்றது. ‘மருமகள் மீது புகார் மனு.’ ‘விதவை உதவித்தொகை நிறுத்தம்.’ ‘கணவர் குடிப்பழக்கம் காவல் நிலையம்.’ எங்கள் பேட்டையில் இந்த மூன்று தலைப்பையும் படித்தால் மூன்று வீட்டையும் விரல் நீட்டிக் காட்டிவிடலாம். அக்காவின் கண்ணும் அங்கேதான் போயிற்று. நான் ஸ்டூலைத் தள்ளி மறைத்து உட்கார்ந்தேன். ஆதார் அட்டையையும் படம் பிடித்து அப்படியே உள்ளே ஏற்றுகிறார்கள், பன்னிரண்டு எண்ணும் தெரிய. ஒரு சாக்கடை அடைப்பு மனுவுக்கு ஆதார் எதற்கு? மரத்தடியில் நான் கார்பன் நகல் வைத்துக்கொண்டதில்லை. கேட்டதைக் காதோடு விட்டுவிடுவது அந்தத் தொழிலின் சத்தியம்.

இதை அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன். மறுவாரம் போனபோது ஓரத்து வரிசை காணோம், அழித்துவிட்டதாகச் சொன்னாள். ஆதார் மட்டும் இன்னும் வாங்குகிறாள், முதலாளி சொல்லாம். அன்றைக்கு எனக்கு டீ வாங்கி வந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஐயா, நீங்க அந்த அக்காகிட்ட கேட்டீங்கல்ல, அந்தக் கேள்வியெல்லாம் சொல்லுங்க. இதுகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுட்டா, எழுதறதுக்கு முன்னாடி அதுவே கேட்டுக்கும்.”

கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். எந்தக் கதவு நம்பர், பழசா புதுசா? என்றைக்கிலிருந்து? உள்ளே ஓடுவது மழைத் தண்ணியா சாக்கடையா? குழாய்த் தண்ணி நாறுதா? முன்னாடி யாருக்காவது மனு குடுத்தீங்களா, சீல் போட்ட நகல் இருக்கா? வீட்டில் முடியாதவங்க யாராவது இருக்காங்களா? நடந்தது என்ன, உங்களுக்கு வேண்டியது என்ன? பத்து கேள்வி வந்தது. ‘ஆளை இறக்கச் சொல்லி எழுதாதே’ என்பதைத் தனி வரியாகப் போடச் சொன்னேன், போட்டாள்.

இப்போது அந்தக் கடை முன்னைவிடப் பரவாயில்லை. போன புதன்கிழமை ஒரு தெருவிளக்கு விஷயமாக ஒரு பையன் வந்திருந்தான். போன் அவனைக் கேட்கிறது: “பழைய நம்பரா, புது நம்பரா?” பையன் திருதிருவென்று விழித்து அம்மாவுக்குப் போன் போட்டான். மனு ஆறு வரியில் முடிந்தது. ஒரு ‘மேலான கவனம்’ மட்டும் எப்படியோ நடுவில் நுழைந்துவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். போகிறவர்கள் கவனத்துக்கு: அச்செடுத்த மனுவைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரையாவது முழுசாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சட்டப் பிரிவு எண் ஏதாவது இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், சாக்கடைக்கும் விளக்குக்கும் பிரிவு வேண்டாம். ஆதார் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு இன்னும் இயந்திரம் வரவில்லை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கடை பூட்டியிருக்கும். கரண்ட் போனால் ஏஐயும் போய்விடும்; அந்த நேரம் பார்த்து நான் அங்கே உட்கார்ந்திருந்தால், பேனா இருக்கிறது.